ஆறு மணி வெளிச்சம்

ஒரு வீட்டைப் படம் எடுப்பதற்கு முன் கழிப்பறையின் மூடியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இந்த வால்பரைசோ துறைமுக நகரத்தில் வீடு விற்றுத்தரும் தரகர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. இணையத்தில் விளம்பரங்களைப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். காயப்போட்ட காலுறை, கழுவாத பாத்திரம், கண்ணாடியில் தெரியும் தரகரின் தொந்தி. ஒருவர் வரவேற்பறையைத் தலைகீழாகவே போட்டிருந்தார். மூன்று வாரம் அது அப்படியே கிடந்தது.

நான் பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் படத்தில் வேண்டாத பொருள் இருக்காது. மனிதர் இருக்கவே மாட்டார். வாங்க வருகிறவர் அந்த அறையில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தால் இவர் எங்கே போய் உட்காருவார்? நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தோன் அபெலார்தோ என்கிற பெரியவரின் வீட்டை அவருடைய மகள் நொயேமி என்னிடம் ஒப்படைத்தார். பெரியவருக்கு எண்பத்தொரு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி எல்பா இறந்து ஆறு வருடம். கண் பார்வை போய், வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். வீட்டை விற்றுவிட்டு ரான்காகுவாவில் மகளோடு போய் இருக்க ஒப்புக்கொண்டிருந்தார். "அப்பாவ மட்டும் கொஞ்சம் பொறுத்துக்குங்க சார்" என்றார் நொயேமி. பொறுத்துக்கொண்டேன். நான்கு முறை.

குன்றின் சரிவில் தகரம் வேய்ந்த பழைய வீடு. அதில் பார்க்கும்படியாக இருப்பது முன்னறை ஜன்னல் ஒன்றுதான். காலையில் அங்கே நின்றால் கடல் மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாது. மதியம் வெயில் கூரைக்குப் பின்னால் போய்விடும். மாலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கும். பலகைத் தரை தேன் நிறத்தில் மின்னும். கண்ணாடியில் வளைகுடாவும் கப்பல்களும் துலக்கமாக வந்து நிற்கும். இருபத்தைந்து நிமிடம், அவ்வளவுதான்.

அதே ஆறு மணிதான் ஒன்சே, மாலைச் சிற்றுண்டி நேரம். உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் போலத்தான் அவர் வீட்டிலும். டீ, ரொட்டி, மசித்த அவகாடோ. ஆனால் அவர் அதை அந்த ஜன்னலடியில், அந்தப் பிரம்பு நாற்காலியில்தான் சாப்பிடுவார். நாற்பது வருடப் பழக்கமாம்.

"ஐயா, இருபது நிமிஷம். நாற்காலிய மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஒன்சே நேரத்துல நாற்காலிய நகர்த்தச் சொல்றியே, நீ எந்த ஊருப்பா?" என்று சிரித்தார். "வா, உக்காரு. உனக்கும் ஒரு கப் ஊத்தி வச்சிருக்கேன்."

"வேலை நேரத்துல நான் எதுவும் குடிக்கிறதில்லைங்க."

"அப்ப நீ வேலையப் பாரு, நான் டீயப் பாக்குறேன். வீட்ட விக்கிறேன்னுதான் சொன்னேன் தம்பி. டீய விக்கிறேன்னு சொல்லல."

ஒவ்வொரு முறையும் எனக்கென்று ஒரு கோப்பை ஊற்றி வைப்பார். ஒவ்வொரு முறையும் அது ஆறிப்போகும். நான் தொட்டதில்லை.

கணினியில் அவரை அழித்திருக்கலாமே என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். படத்தில் இருப்பதை அழிப்பது மோசடி. அதை நான் செய்வதில்லை.

நொயேமி அவசரப்படுத்தியதால், மூன்றாம் முறை எடுத்த படத்தை, ஓரத்தில் அவரோடு சேர்த்தே, விளம்பரத்தில் போட்டேன். அன்றைக்கே மிரேயா அதை எடுத்துத் தரகர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். எனக்குக் கீழே வேலை கற்றவள் அவள். "ரெனாத்தோ சார், தாத்தா வீட்டோட சேர்த்தியா, இல்ல தனியா விக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தாள். "டீ இன்னும் சூடா இருக்கா?" என்றான் இன்னொருவன். இருநூறு பேர் இருக்கிற குழு. அவமானமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இனி பின்பக்கத்துப் பலகணி. சமையலறைக் கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மரப் பலகணி. கைப்பிடிக் கட்டை உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது. அழுத்தினேன், விரல் உள்ளே போனது. முதல் நாளே என் அறிக்கையில் 'இங்கே ஆள் நிற்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் உங்கள் மேஜையில் இருக்கிறது. நான் எதையும் ஒளிக்கிறவன் அல்ல.

பெரியவர் அந்த வாசலுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு நீல நைலான் கயிறு கட்டியிருந்தார். "கண்ணு தெரியாதவனுக்கு இதான் வேலி. கையில தட்டுச்சுன்னா திரும்பிடுவேன்" என்று சொல்லியிருந்தார். அழுக்குக் கயிறு. சமையலறைப் படத்தையே கெடுத்தது.

நான்காம் முறை ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போனேன். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்தேன். நீங்கள் அதை அங்கேதான் கண்டெடுத்தீர்கள். பிரம்பு நாற்காலியைப் பலகணியில், அதன் முதுகு கைப்பிடியில் படும்படி போட்டேன். அவர் மெதுவாக உட்காருகிறவர் அல்ல. காலால் தேடி, தொப்பென்று பின்னால் சாய்வார். மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

"செவ்வாய்க்கிழமை நீங்க கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப ஆசாரிய வச்சுப் பலகணியச் சரி பண்ணிட்டேன் ஐயா. இன்னைக்கு அங்க உக்காந்து குடிங்களேன். நல்லாக் காத்து வருது" என்றேன்.

"எல்பா போனதுக்கப்புறம் அங்க உக்காரவே இல்ல தம்பி" என்றார். "நெசமாவா சொல்ற?"

"நான் தொழில் பண்றவன் ஐயா. சரியில்லாதத சரின்னு சொல்ல மாட்டேன்."

"நீ சொன்னாச் சரி" என்று, டீயை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி போனார். கயிறு இருந்த இடத்தில் கையை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றதும் சிரித்தார். மகிழ்ச்சியாகத்தான் போனார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் முன்னறைக்கு வந்தேன். முதல் படம் 6.04. மூன்றாவது படத்துக்கும் நான்காவது படத்துக்கும் நடுவே மரம் முறியும் சத்தம் கேட்டது. பிறகு கீழே நாய்கள் குரைத்தன. ஒரு தடவை "தம்பி" என்பது போலக் கேட்டது. ஆம்புலன்ஸுக்கு 6.29க்கு அழைத்தேன். கால் மணி நேரமாவது அவருக்கு உயிர் இருந்தது என்று மருத்துவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நான் கீழே இறங்கிப் போயிருந்தால் வெளிச்சம் போயிருக்கும். மறுபடி எத்தனை நாள் அவரைக் கெஞ்சிக்கொண்டு நிற்பது?

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். விழுவார் என்று தெரியும். பிழைக்க மாட்டார் என்றும் தெரியும். கோபத்தில் செய்ததல்ல. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அறை காலியாக வேண்டியிருந்தது.

மறுநாள் விளம்பரத்தில் புதுப் படத்தைப் போட்டேன். குழுவில் யாரும் சிரிக்கவில்லை. மிரேயாகூட "இதுதான் படம்" என்று எழுதினாள்.

ஆனால் இன்று காலை அதே படத்தை உங்கள் பெரிய திரையில் காட்டினீர்கள். ஜன்னல் விளிம்பில் ஒரு கோப்பை இருக்கிறது. வெயிலில் அதன் ஆவிகூடத் தெரிகிறது. பலகணிக்குப் போவதற்கு முன் அவர் எனக்காக ஊற்றி வைத்த டீ. கேமராவின் சின்னத் திரையில் நான் அதைக் கவனிக்கவில்லை.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான். அந்தப் படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பார்க்கிறவர்கள் தொழில் தெரியாதவன் எடுத்தது என்று நினைத்துவிடுவார்கள்.