ரூபி குடித்த கோப்பை

தங்கவேலு: கண்ணாடிப் பெட்டியைத் திறந்தது யாரு?

கமலாட்சி: நான்தான். ஆயுத பூஜையாச்சே. எல்லாத்தையும் துடைச்சுப் பொட்டு வெச்சேன்.

தங்கவேலு: மியூசியத்துக்கா... அமெரிக்காக்காரன் நம்பர் பிளேட்டுக்குக் குங்குமமா?

கமலாட்சி: ஏன், உங்க கப்பல் ஸ்பானருக்கு வருஷா வருஷம் வெக்கிறேன்ல. அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு.

தங்கவேலு: லாட்ஜ் சாவிக்குமா?

கமலாட்சி: பெட்ரோல் பங்க் தொப்பிக்கும்தான். என் தையல் ரூமைப் பிடுங்கி, கப்பல்ல போனப்போ அமெரிக்காவுல அந்த அறுபத்தாறாம் நம்பர் ரோட்டுல பொறுக்கினதையெல்லாம் அடுக்கினீங்க. வீட்டுல இருந்தா நம்ம வழக்கந்தான்.

தங்கவேலு: சரி, போகட்டும்... அந்தக் கோப்பை எங்கே?

கமலாட்சி: எந்தக் கோப்பை?

தங்கவேலு: விளையாடாதே கமலா. அறுபத்தாறுன்னு போட்ட காப்பிக் கோப்பை.

கமலாட்சி: ஓ... அதுவா. கழுவிக் கவுத்திருக்கேன்.

தங்கவேலு: கழுவியா...

கமலாட்சி: விளிம்புல ஏதோ செவப்பா ஒட்டிட்டிருந்துச்சு.

தங்கவேலு: ஏதோவா? அது லிப்ஸ்டிக்குன்னு உனக்குத் தெரியாது?

கமலாட்சி: நம்ம தின்கன்ஜூன் பேட்டை பூராவுக்கும் தெரியுமே. ரோட்டோர ஹோட்டல்ல காப்பி ஊத்தினவ. பேரு ரூபி. செம்பட்டை முடி. உங்க கோப்பையிலேயே ஒரு வாய் குடிச்சாளாம்... வர்றவங்ககிட்ட அதைச் சொல்றப்போ மட்டும் உங்களுக்கு வாயெல்லாம் பல்லு.

தங்கவேலு: அது சும்மா, ஒரு சுவாரசியத்துக்கு...

கமலாட்சி: உங்க கூட்டாளி காஜா மைதீன் அண்ணன் என் முன்னாடியே கேக்கறாரு, ரூபி சௌக்கியமான்னு.

தங்கவேலு: அவன் கிண்டல் பண்றான்.

கமலாட்சி: எனக்கு வயிறு எரியுது. இந்த ஊருப் பொம்பளைங்க மாதிரி தனக்காக் கட்டையை அரைச்சுக் கன்னத்துல அப்பிக்கிட்டு, வர்றவங்களுக்கெல்லாம் டீ நீட்டுறது நானு. எவளோ ஒருத்தி எச்சிலுக்குக் கண்ணாடிப் பெட்டி. நான் குடிச்ச டம்ளரை என்னிக்காவது எடுத்து வெச்சிருக்கீங்களா?

தங்கவேலு: பொட்டு வெக்கிறதுக்குக் கோப்பையை எதுக்குக் கழுவணும்?

கமலாட்சி: பூஜையெல்லாம் சாக்குதான். போதுமா? முதல்ல அதைத்தான் எடுத்தேன். நார் போட்டுத் தேய்ச்சேன்.

தங்கவேலு: முழுசாவா போயிடுச்சு?

கமலாட்சி: பாருங்க... இப்பவும் அவளுக்குத்தான் முகம் வாடுது.

தங்கவேலு: ரூபின்னு யாரும் இல்லே கமலா.

கமலாட்சி: ஆங்... அப்ப அது எவ உதடு?

தங்கவேலு: கோப்பையை நான் வாங்கிட்டு வந்த புதுசு. காஜா மைதீன் பையன் ஷாநவாஸ் கல்யாணத்துக்குப் போறதுக்காக, பக்கத்து வீட்டுப் புஷ்பா உனக்கு லிப்ஸ்டிக் பூசி விட்டா. அதுக்கு முன்னாடியும் நீ போட்டதில்லே, பின்னாடியும் போட்டதில்லே. அவசரத்துல அதுலதான் டீ குடிச்சே. அன்னிக்குச் சாயங்காலமே நான் கப்பலேறணும்... கழுவ மனசு வரலே. துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். பொண்டாட்டி குடிச்ச கோப்பைன்னு சொன்னா, இந்த ஊர்ல எவன் வந்து பார்ப்பான்?