நலம் விசாரித்தவன்

தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டு நலம் விசாரிக்காமல் போக எனக்கு வராது மேடம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். டீக்கடையில் நின்றால் மாஸ்டரின் மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருக்கு எந்த ஊர், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். "வாய வச்சிக்கினு சும்மா வரமாட்டியா" என்று என் மனைவி ஜோதி திட்டுவாள். அந்த வாய்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது.

நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

பெயர் ராஜசேகர். மண்ணூர் பக்கம்தான் சொந்த ஊர். எங்கள் கழனி இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. போலீசில் சேர்ந்து யூனிஃபார்ம் போட்டது கொஞ்ச காலம்தான், பிறகு உளவு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்தக் கம்பெனியில் என்ன புகைச்சல், எந்த ஹாஸ்டலில் யார் பேச்சு எடுபடுகிறது என்று தெரிந்து மேலே சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கேட்டதைக் கேட்டபடி எழுதினோம். அப்புறம் அது தலைகீழாகிவிட்டது. என்ன எழுத வேண்டும் என்பது முதலில் மேலிருந்து வரும், அதற்குத் தோதாக நாங்கள் காதில் வாங்க வேண்டும். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதில் மாற்றம் இல்லை. பழகிவிட்டால் இதுவும் ஒரு வேலைதான்.

மாரிசெல்வி விஷயத்துக்கு வருகிறேன்.

மண்ணூர் ரோட்டில் இருக்கும் அந்தப் பெண்கள் ஹாஸ்டலை நீங்களே போய்ப் பார்த்திருக்கிறீர்கள். எல்லாம் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே குழாயில் வந்த தண்ணீர் நாறியது. பக்கத்திலேயே கழிவுத் தொட்டி, இரண்டுக்கும் நடுவில் எங்கோ உடைப்பு. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகள் படுத்தார்கள். வேலைக்குப் போக மாட்டோம் என்று ஒருநாள் காலையில் எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களை உட்கார வைத்தவளும் மாரிசெல்வி, எழுப்பியவளும் அவள்தான். கட்சிக்காரர் ஒருவர் மைக்கோடு வந்தபோது, இது எங்க தண்ணிப் பிரச்சனை என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாள். தாசில்தார் வந்து பைப்பை மாற்றித் தருவதாகச் சொன்னதும், சரி, நம்பிப் பார்ப்போம், மாற்றாவிட்டால் மறுபடி உட்காருவோம் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அவள் சொன்னால் போதும், எழுந்துவிட்டார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் கூட்டிக்கொண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அவள்தான். அரசாங்கம் என்றாலே ஒதுங்கிப் போகிற பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாசலை மிதித்தார்கள். நல்ல பெண் மேடம். அதை மனசாரச் சொல்கிறேன்.

நான் முதலில் உண்மையைத்தான் எழுதினேன். தண்ணீர் மோசம், பைப்பை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது, வெளியாள் யாரும் இதில் இல்லை என்று. என் அதிகாரி ராஜாமணி அதைப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்பச் சொருகினார்.

"தண்ணி மோசம்னு எழுதினா யாருய்யா பதில் சொல்றது? இடைத்தேர்தல் வருது. ஹாஸ்டல் யாரோடதுன்னு உனக்கே தெரியும். வெளி ஆளுங்க தூண்டி வுடறாங்கன்னு எழுது."

ஆளுங்கட்சிக்காரர் ஒருவரின் மைத்துனருடைய கட்டடம் அது. எனக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தேன். அதோடு முடியவில்லை. பைப்பை மாற்றுகிற உத்தேசம் யாருக்கும் இல்லை, அந்தப் பிள்ளைகள் திரும்ப ரோட்டுக்கும் வரக்கூடாது. லத்தி கூடாது, கேஸ் கூடாது, தேர்தல் நேரத்தில் எதுவும் டி.வி.யில் வரக்கூடாது. நீதான் பக்குவமாப் பார்த்துக்கணும் என்றார் ராஜாமணி.

வேறு ஒருத்தனாக இருந்தால் அந்தப் பெண் பையில் கஞ்சாவை வைத்துப் பிடித்திருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கும் பெண் இருக்கிறாள்.

மாரிசெல்வியின் அம்மா பெயர் மாடத்தி. பீடி சுற்றுகிறவள், மூட்டுவலிக்காரி. அம்மாவும் மகளும் போனில் பேசுவது முழுக்க அந்த வலியைப் பற்றித்தான். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், கேட்டால் ராஜாமணி சாரையும் அவருக்கு மேலே உள்ளவர்களையும் நீங்கள் கூப்பிட வேண்டியிருக்கும். ஒட்டுக்கேட்க அனுமதி இருந்ததா என்று எங்களை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஷிப்டு மாறுகிற நேரம். ஹாஸ்டல் வாசலில் பிள்ளைகள் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு நான் ரோட்டைக் கடந்து போனேன்.

"இன்னாம்மா மாரிசெல்வி, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி கீது? அந்த மாத்திரைய வாங்கி அனுப்பினியா?"

அவள் சட்டென்று திரும்பி, "இப்பம் பரவால்ல அண்ணாச்சி" என்றாள். நல்லபடி வளர்ந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? அம்மாவைப் பற்றிக் கேட்டால் பதில் வந்துவிடும், யோசனை அப்புறம்தான் வரும். இவர் யார், அம்மா விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் முகம் மாறியபோது நான் பத்திரமா இரும்மா என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். நான் யார் என்று டீக்கடைக்காரர் நாகப்பன் அன்று சாயங்காலமே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். கேட்டால் சொல்லுங்க என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூரில் கோயில் தெருவில் அவளைப் பார்த்தேன், கூட அறைத்தோழி தங்கமாரி. அப்போதும் அம்மாவைத்தான் கேட்டேன். இந்தத் தடவை மாரிசெல்வி வாயே திறக்கவில்லை. அது இன்னும் நல்லதாகப் போயிற்று. தெரிந்தவரைத் தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று தங்கமாரி ஹாஸ்டல் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

செய்தது இவ்வளவுதான் மேடம். ஒரு அடி இல்லை, ஒரு அதட்டல் இல்லை. மாரிசெல்வி அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும் என்று வார்டன் சொன்னாள். பைப்பை மாற்றவில்லை, ஆனாலும் யாரும் ரோட்டில் உட்காரவில்லை. வா என்று கூப்பிட அவளால் முடியவில்லை, கூப்பிட்டாலும் வர ஆள் இல்லை.

ஒருநாள் டீக்கடைக்கு என்னைத் தேடியே வந்தாள். அழவில்லை. "நான் உங்களுக்கு என்ன அண்ணாச்சி செஞ்சேன்? நாலு பேரு முன்னால எம் பேரச் சொல்லிக் கூப்புடாதிய, அது போதும்" என்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சரிம்மா என்றேன். அப்புறம் ஒரு தடவைகூட நான் அவளைக் கூப்பிடவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான். அவள் என்னிடம் தனியாகப் பேசியதையும் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

காமாலை வந்தது அதற்குப் பிறகு. சுகாதார நர்ஸ் செங்கமலம் ஜீப்பில் வந்து, எல்லாரும் ரத்தம் கொடுங்கள், கண் மஞ்சளாக இருப்பவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். அது நூற்றுக்கு நூறு நல்ல எண்ணத்தில் வந்த ஜீப். ஆனால் முன்னால் நின்று கூப்பிட்டவள் மாரிசெல்வி. இவள் போலீஸ் ஆள், பெயரையும் ரத்தத்தையும் எடுத்துப் போய் ரோட்டில் உட்கார்ந்தவர்களை வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டை உள்ளே பூட்டிக்கொண்டார்கள். நர்ஸ் அம்மா வெயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தங்கமாரி யாரோ கொடுத்த பச்சிலையை அரைத்துக் குடித்துக்கொண்டு படுத்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. மாரிசெல்வி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு வரவழைத்தாள். வண்டி வாசலில் நிற்கிறது, டிரைவர் ஸ்ட்ரெச்சரோடு மாடிக்கு வந்துவிட்டார். "நீ கூப்புட்ட வண்டில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லி அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். மறுநாள் நினைவு தப்பிய பிறகு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல் இல்லை.

ஹாஸ்டலில் நிலவரம் என்ன என்று மேலே கேட்டார்கள். பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் மேல் துளியும் நம்பிக்கை இல்லை, காரணம் வெளியாட்களின் தூண்டுதல் என்று எழுதினேன். முதல் பாதி உண்மை.

பிறகு தங்கமாரி சாவை விசாரிக்க நீங்கள் வந்தீர்கள். விசாரணை அதிகாரி சந்திரலேகா என்று பேப்பரில் பார்த்தபோது யாரோ ஒரு அம்மா என்று நினைத்தேன். நீங்கள் நேரே ஹாஸ்டலுக்குப் போய், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் பேச்சிலேயே பேசினீர்களாம். நீங்களும் அந்தப் பக்கத்து ஊர்தானே. யாருக்கும் வாய் திறக்காத பிள்ளைகள் உங்களுக்குச் சாட்சி சொல்ல வருகிறோம் என்றார்கள். நடந்ததை அவர்கள் வாயால் சொன்னால்தான் இந்த விசாரணை நிற்கும், அந்தப் பைப்பும் மாறும். என் ஒருவனுடைய வாக்குமூலம் எம்மாத்திரம்? ஒரு பெண்ணின் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது?

இன்று காலையில் இந்தத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் பிள்ளைகள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மாரிசெல்வி மட்டும் தூணோரமாகத் தனியே. நீங்கள் காரை விட்டு இறங்கி வந்தபோது எழுந்து கும்பிட்டேன். "வாங்க மேடம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? கட்டுப் பிரிச்சிட்டாங்களா?" என்றேன். "ம், பிரிச்சாச்சு, நல்லா இருக்காங்க" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு உள்ளே வந்தீர்கள்.

உங்கள் அப்பா சங்கரநாராயணன் ஐயாவின் கண்ணைப் பற்றி எனக்கு யார் சொன்னது என்று இப்போதுதான் யோசிக்கிறீர்கள்.

பழக்கம் மேடம், வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாரிசெல்விக்குத்தான் சட்டென்று விளங்கிவிட்டது. எழுந்து ஓடி வந்து, "நம்புங்கட்டி, எனக்கும் இப்படித்தான் செஞ்சாரு" என்று ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கையை உதறிவிட்டு அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நீங்கள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டீர்கள்.

எல்லாம் எழுதியாகிவிட்டதா? கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அப்புறம் கதவைத் திறந்து அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொல்லுங்கள். மாரிசெல்வி மட்டும் இருப்பாள்.