அஞ்சாவது மூக்கு

நான் குட்டி. வீட்டுல கூப்பிடற பேரே போதும். வயசு இருபத்தாறு. லேபுக்குப் பின்னாடி, காலி அட்டைப்பெட்டியெல்லாம் மடிச்சுப் போடற இடத்துல உட்கார்ந்திருக்கேன். நான் பேசப் பேச போனே எழுதிக்குது. எழுத்துல தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க லேபுல, மாசமா இருக்கறவங்க ரத்தத்துல கல்லீரல் கிருமி இருக்கான்னு பாப்போம். இருக்குன்னு தெரிஞ்சா, குழந்தை பிறந்த உடனே ஊசி போட்டுக் காப்பாத்திடலாம். ரத்த டியூப்பை அடுக்கறது நான். மெஷின் கைக்கு எட்டு மூக்கு. ஒவ்வொண்ணும் ஒரு டியூப்ல இருந்து துளி உறிஞ்சி, தட்டுல ஒரு குழியில விடும். எவ்வளவு இறங்கணும், எங்க நிக்கணும்னு அதுக்குப் பழக்கினது நான்தான். "அதைக் கட்டிக்கோடா, வேற பொண்ணு தேட வேண்டாம்"னு அக்கா கிண்டல் பண்ணுவா.

என்னை இங்க கூட்டிட்டு வந்தது அத்தான், அக்கா புருஷன். லேபுல எனக்கு மேல அவர்தான். "மச்சான், நீ மெஷினைப் பழக்கு, உன் வேலைக்கு நான் பொறுப்பு"ன்னாரு. பழக்கி முடிச்சேன். ஒருநாள் கையுறை எடுக்கப் போனேன், முதலாளி ரூம் கதவு பாதி திறந்திருந்தது. "அவனா? டியூப் அடுக்கறவன் சார். இனிமே யாரு வேணா அடுக்கலாம், அனுப்பிடலாம். வீட்டுல நான் பேசிக்கறேன்." அத்தான் குரல்.

அன்னைக்கும் வீட்டுல எனக்கு அவரே சோறு போட்டாரு. "ஏன்டா மச்சான் மூஞ்சி தொங்குது, மெஷினோட சண்டையா?" அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்னு தோணுச்சு.

நான் எதையும் உடைக்கலை. அஞ்சாவது மூக்கை மட்டும் கொஞ்சம் மேலயே நிக்க வெச்சேன். ரத்தத்தைத் தொடாம காத்தை உறிஞ்சும். குழியில ஒண்ணும் விழலைன்னா, கிருமி இல்லைன்னுதான் வரும். காத்தை உறிஞ்சினா மெஷின் கத்தணும். நுரைக்கெல்லாம் கத்துதுன்னு அத்தான்தான் அந்தச் சத்தத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தாரு. கிருமி உள்ள ரத்தம்னு முன்னாடியே தெரிஞ்ச ஒண்ணை, சரிபாக்கறதுக்காக ஒவ்வொரு தட்டுலயும் சேர்ப்போம். அதை மட்டும் அத்தான் மெஷினை நம்பாம தன் கையாலேயே குழியில விடுவாரு. அது சரியா வந்தா, மொத்தத் தட்டுக்கும் கையெழுத்துப் போடுவாரு. தினமும் சரியாத்தான் வந்துச்சு.

என்னைக்காவது வெளிய தெரிஞ்சா கையெழுத்துப் போட்டவர் மாட்டணும். அவ்வளவுதான் நினைச்சேன். அந்தப் பொண்ணுங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. எல்லாரும் நல்ல செய்தியோடதான் வீட்டுக்குப் போனாங்க.

போன வாரம் அக்கா டியூப் வந்துச்சு. கையில வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். "என்ன மச்சான், அக்காவுக்குத் தனி வரிசையா? அடுக்குடா"ன்னு அத்தான் அவசரப்படுத்தினாரு. அடுக்கினேன். அஞ்சாவது இடம் அமைஞ்சுது. வேற இடம் காலியா இல்லைன்னு நினைக்கிறேன்.

கிருமி இல்லைன்னு வந்துச்சு. அத்தான் எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தாரு. நானும் எடுத்துக்கிட்டேன்.

படிக்கறது அம்மாவோ அப்பாவோ, யாரா இருந்தாலும் சரி. பிரசவத்துக்கு முன்னாடி அக்காவை வேற லேபுல ரத்தம் பாக்கச் சொல்லுங்க. மத்தவங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்லட்டும். எதுக்குன்னு அக்கா கேட்டா, தம்பி அவ மேல இருக்கற அக்கறையில சொன்னான்னு மட்டும் சொல்லுங்க.