பன்னிரண்டு அடி ஒயர்

— மாப்ள, இடது புருவம் எங்க?

— கேஸ் அடுப்புல போச்சு மச்சான். ராத்திரி குளிருக்கு வேனுக்குள்ள பத்தவச்சேன். கூடவே உன் தங்கச்சி தைச்ச ஜன்னல் திரையும் போச்சு.

— மூடின வண்டிக்குள்ள அடுப்பா! காத்து போற வழியாவது திறந்திருந்துதா?

— அதுவழியாதான் குளிருதேன்னு துணி வச்சு அடைச்சிருந்தேன்.

— உசுரோட வந்து நிக்கிறியே, அதுவே பெருசு.

— அதான் ஒழுங்கா ஒரு ஹீட்டர் வாங்கலாம்னு. மச்சான் கடை இருக்கறப்போ வேற எங்க போவேன்? சின்னதா, அடக்கமா ஒண்ணு எடு.

— இந்தா, டீசல்ல ஓடுறது. புகை குழாய் வழியா வெளிய போயிரும். வேன்ல ஊர் சுத்துறவங்க இதைத்தான் வாங்குறாங்க. ஆமா, எந்த மலையில நிக்குது உன் வண்டி?

— அது கிடக்கட்டும். கரண்ட்ல ஓடுறது இல்லையா?

— அதுக்குப் பக்கத்துல பிளக் வேணுமே.

— இருக்கு. பன்னெண்டு அடி ஒயர் போதும்.

— மலை மேல பிளக்கா?

— ...சமையக்கட்டு ஜன்னல் பக்கத்துல.

— எந்தச் சமையக்கட்டு?

— எங்க வீட்டுதுதான். சிரிக்காத. பதினோரு ராத்திரியா சொந்த வீட்டு வாசல்லயே டூர் போயிட்டிருக்கேன்.

— சிரிக்கல. என்ன பண்ணித் தொலைச்ச?

— வேன்ல ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போய் உன் தங்கச்சியை ஆச்சரியப்படுத்துறேன் பேர்வழின்னு, அவ கையெழுத்தை நானே போட்டு ஸ்கூலுக்கு ஆறு மாச லீவு லெட்டர் அனுப்பிட்டேன். அவ எடுக்கிற எட்டாங்கிளாஸை வேற டீச்சருக்குக் குடுத்துட்டாங்க. இவ பாடம் நடத்திக்கிட்டிருக்கா, அந்தம்மா உள்ள வந்து நிக்குது. பிள்ளைங்க அத்தனையும் பாத்துக்கிட்டிருக்கு மச்சான்.

— அடப்பாவி.

— 'உங்க வண்டியோட நீங்களே போங்க'ன்னுட்டா. வீராப்பாதான் கிளம்பினேன். கேட்டைத் தாண்ட மனசு வரல.

— மன்னிப்புக் கேட்டியா?

— எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? வீட்டுப் பக்கம் திரும்பவே கூசுது. எரிஞ்சது அந்தப் பக்கத்துத் திரைதான். இப்ப போர்வையைக் கட்டி மறைச்சிருக்கேன்.

— அப்ப போத்திக்கிறதுக்கு?

— அதுக்குத்தானே ஹீட்டருங்கிறேன்!

— பிளக்கை அவகிட்டதானே கேக்கணும்?

— நீ ஒரு போன் போட்டுச் சொல்லேன். அண்ணன் சொன்னா கேப்பா.

— நான் சொல்றதா இல்ல. ஹீட்டரும் தர்றதா இல்ல.

— சரி, தராத. அந்தக் குளிருக்கு நான் லாயக்குதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சுத்தி வளைக்காம சொல்லு. அவ என்னை மறுபடி உள்ள விடுவாளா?

— காலையில அவளும் இங்க ஹீட்டர் கேட்டுதான் வந்தா. பதினோரு ராத்திரியா வாசக்கதவை ஒருக்களிச்சு வச்சுட்டு ஹால்லயே படுத்துக்கிறாளாம். குளிர் தாங்கலையாம்.