எழுதாமல் விட்ட ஒன்பதாவது குறை

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். விமர்சனம் எழுதுகிறவனுக்கு அதுதான் முதல் பாடம். எடுத்த எடுப்பில் குறை சொன்னால், இவனுக்கு வயிற்றெரிச்சல் என்று படிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆகவே ஐயா, அந்த பேஸ்பால் வீடியோ கேமின் நிறைகளிலிருந்தே தொடங்குகிறேன்.

மட்டையில் பந்து படும் சத்தம் அருமை. நடுவில் பட்டால் ஒரு சத்தம், விளிம்பில் பட்டால் வேறு சத்தம். பந்து எறிபவர் விரலை மாற்றிப் பிடித்தால் தையல் சுழல்வதுகூடத் தெரியும். புல்தரையில் சாயும் நிழலுக்காக மட்டுமே ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுத்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் பதினோரு வருடம் கேம் விமர்சனம் எழுதியவன் நான். மதிப்பெண் விஷயத்தில் கஞ்சன் என்று எனக்குப் பெயர்.

குறைகளுக்கு வருகிறேன். பந்து காலடியில் உருளும்போது தடுப்பாட்டக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, தோற்கிறவனுக்கு இந்த விளையாட்டு திருட்டுத்தனமாக உதவுவதுதான். மூன்று வாரம் பழகி, எந்தப் பந்தை எங்கே எறிவது என்று கற்றுக்கொண்டு, நீங்கள் ஐந்து ரன் முன்னால் இருப்பீர்கள். உடனே உங்கள் ஆளுக்குத் தோள் வலி வந்துவிடும். எதிரே குருட்டாம்போக்கில் பொத்தானை அமுக்குகிறவன் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புவான். உழைப்புக்கு இதுதான் மரியாதையா?

எந்த விளையாட்டிலும் எனக்கு எதிரே அப்படி அமுக்குகிறவர் என் அத்தான், அக்காவின் கணவர். அவர்கள் வீட்டின் மூன்றாவது அறையில்தான் நான் இருந்தேன். வாடகை என்று அத்தான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நல்ல மனிதர், அதையும் நிறைகளில் எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் மெக்கானிக். வலிப்பு நோய் வந்த பிறகு உயரத்தில் ஏறக்கூடாது என்று கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். பொழுது போகாமல் என்னோடு விளையாட வந்தார். எந்த விளையாட்டானாலும் பந்து வெளியே பறந்தால் ‘டமால்’ என்று கத்துவார். கிடங்கில் இடைவேளையில் போனில் ஆடியபோது யாரோ அதைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட, இரண்டே மாதத்தில் அவர் ஊருக்கெல்லாம் டமால் அண்ணன். என் கட்டுரைகளுக்கு வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். ஒன்று எழுத்துப்பிழை பற்றி.

கண் முன்னால் வெளிச்சம் விட்டு விட்டு மின்னினால் அத்தானுக்கு வலிப்பு வரும். அதனால் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எந்தப் புது விளையாட்டும் முதலில் என் கைக்கு வரும். கடைசிவரை ஆடிப் பார்த்து, மின்னல் எதுவும் இல்லையென்றால் பெட்டிமேல் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். பச்சை இல்லாத பெட்டியை அத்தான் தொடக்கூட மாட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பேஸ்பால் வந்த வாரம் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். “தம்பி, இது உங்க கடைசிக் கட்டுரையா இருக்கட்டும். அடுத்த மாசத்துல இருந்து உங்க அத்தான் வீடியோவா பண்ணித் தர்றேன்னுட்டார். ஜனங்க அதத்தான் பாக்குறாங்க.”

காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டுபோன கதைதான். அத்தானிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மச்சான். நீ எழுதிக் குடு, நான் பேசுறேன். ரெண்டு பேரும் சேந்தே பண்ணலாம்.”

எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

இந்த விளையாட்டில் பந்து மைதானத்துக்கு வெளியே போனால் அரங்க விளக்குகள் எல்லாம் வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறி வெட்டும். அதை அணைக்க ஒரு வசதி உண்டு, ஐந்தாவது மெனுவின் அடியில். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். கட்டுரையில் எட்டுக் குறைகள் எழுதியிருந்தேன், ஒன்பதாவதுக்கு இடம் இல்லை. எண்ணூறு வார்த்தைக்குமேல் போனால் ஆசிரியருக்குப் பிடிக்காது. பெட்டியில் பச்சை ஒட்டினேன். அந்த வசதியைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். திரையில் வெயில் அடிக்காமல் ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தோம். கடைசிச் சுற்றுவரை அவரை ஒரு பந்தையும் வெளியே அடிக்க விடவில்லை. ஒன்பதுக்கு ஐந்து என்று நான் முன்னால். பிறகு நேராக நடுவில், மெதுவாக எறிய ஆரம்பித்தேன். பதினோரு வருடத்தில் யாருக்கும் நான் விட்டுக்கொடுத்து ஆடியதில்லை. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் டமாலில் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மச்சான், இந்த லைட்டு பரவாயில்லையா?”

“பச்சை ஒட்டியிருக்கேனே அத்தான்.”

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். மூன்றாவது அடிக்குப் பிறகு கண்ணைக் கசக்கினார். “ஒரு மாதிரி இருக்கு. நிறுத்திக்கலாமா?”

“ஒரே ரன்தான் அத்தான். அடிச்சா சமம்.”

ஆசை யாரை விட்டது. அடித்தார். பந்து எல்லைக் கம்பத்துக்கு வெளிப்பக்கம் போனதால் ரன் இல்லை என்று பிறகு மாற்றிச் சொன்னது இந்த விளையாட்டு. ஆனால் விளக்குகள் அதற்குள் வெட்டிவிட்டன. அதுவும் ஒரு குறை. அத்தான் டமால் என்று சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. சோபாவிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார்.

ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்திருந்தாள். எல்லாம் நினைவிருந்தது. ஆனால் ஒன்பதுக்கு எட்டு, ஆட்டம் முடிய அவர் அணியில் இன்னும் இரண்டே பேர்தான் அவுட்டாக வேண்டும். பாதியில் விடுவது என் வழக்கமில்லை. ஆளுக்கு மூன்று பந்து, வெளிப்பக்கம் போனது ஏற்கெனவே ஒன்றாகக் கணக்கு, ஆக ஐந்து பந்து எறிந்தேன். மட்டை அசையவில்லை. ஒவ்வொரு பந்தையும் இந்த விளையாட்டு திரும்ப மெதுவாகக் காட்டும். வேண்டாம் என்றால் தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை, எல்லாவற்றையும் பார்த்தேன். அத்தானோடு ஆடி நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பிறகு போன் செய்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். உள்ளே அவர் முகத்தை மூடிவிட்டார்கள். அவள் அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நீ பாத்துட்டுதானேடா குடுத்தே?”

அக்காவிடம் நான் பொய் சொன்னதே இல்லை ஐயா. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.

“ஆமாக்கா, பாத்துட்டுத்தான் குடுத்தேன்” என்றேன்.