வெள்ளைக் கதவில் படிந்த கரி

வெள்ளைக் கார் வாங்க வேண்டாம் என்று என் மனைவி காமாக்ஷி அப்போதே சொன்னாள். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் இன்று ஒரு வேலை மிச்சமாகியிருக்கும், மேடம்.

புகைக்கரியை எப்படி எடுப்பது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. கைக்குக் கிடைத்த துணியால் தேய்த்துவிடுகிறார்கள். கரி வெறும் தூசு அல்ல. எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துகள். உலர்ந்த துணி பட்டால் பெயிண்ட் முழுக்கக் கீறல் விழும். முதலில் தண்ணீரை மெல்ல வழியவிட வேண்டும். பிறகு ஷாம்பு நுரை, மெத்தென்ற துணி, மேலிருந்து கீழாக. அப்படியும் போகாத கறைக்குக் களிமண் போலப் பிசைகிற ஒரு கட்டி விற்கிறார்கள். அதை ஈரத்தோடு வைத்து மெதுவாக இழுத்தால் கரி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் மெழுகு. எல்லாவற்றுக்கும் பொறுமை வேண்டும். கல்லூரியில் வேதியியல் நடத்திய காலத்திலிருந்தே எனக்குப் பொறுமைசாலி என்று பெயர்.

கோபாலபுரத்தில் எங்கள் வீடு பழைய பங்களா. கீழே நாங்கள் இருவர். மாடியில் ஷெல்டனும் அவன் மனைவி ஈவ்லினும் குடியிருந்தார்கள். நல்ல தம்பதி. கிறிஸ்துமஸ் வந்தால் எங்களுக்கென்று முட்டை சேர்க்காமல் தனியாகக் கேக் செய்வாள் ஈவ்லின். பின்பக்க ஷெட்டை அவர்கள் காருக்கு விட்டிருந்தேன். என் கார் அதற்கு எதிரே, மதிலோரம் நிற்கும்.

ஷெல்டன் மாலையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பான். சாந்தோம் பக்கம் ஒரு மாதா கோயிலில் பாடகர் குழுவிலும் இருந்தான். ஈவ்லினுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. மதியம் முழுக்கக் காதில் ஹெட்ஃபோனோடு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். அவன் பாடினால் அவளுக்குத் தொந்தரவு. அதனால் இந்தத் தவக்காலத்தில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். மதியத்தில் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, பெரிய வெள்ளிக்கான பாட்டைப் பாடிப் பழகுவான்.

நல்ல குரல். அதில் எனக்குக் குறையே இல்லை. கார்தான் பழசு. பெட்ரோல் வண்டிதான், ஆனாலும் லாரி மாதிரிக் கறுப்பாகப் புகை தள்ளும். அதன் பின்பக்கம் நேராக என் கார்க் கதவைப் பார்த்திருக்கும். அவன் பாடி முடிக்கும்போது என் வெள்ளைக் கதவில் கரி படிந்திருக்கும். நான் எடுப்பேன். மறுநாளும் படியும்.

"ஏன்னா, அலம்பி அலம்பி பெயிண்ட்டே போயிடப்போறது. மாடியாத்துப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்றாள் காமாக்ஷி.

சொன்னேன். அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

"சாரி அங்கிள், மெய்யாலுமே கவனிக்கல. இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். அன்றே திருப்பிவிட்டான். புகை ஷெட்டின் பின்சுவரில் மோதி, கொஞ்சம் வெளியே வந்தது. கரி குறைந்ததே தவிர நிற்கவில்லை. நீ பாடும்போது ஷெட்டின் ஷட்டரைச் சற்று இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

"தாராளமா அங்கிள். என் சத்தமும் தெருவுக்குக் கேக்காது."

எல்லாம் அவன் சம்மதத்தோடுதான் நடந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாதி இறக்கினேன். பிறகு முக்கால்வாசி. ஒரு மதியம் வெளியே வந்தவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"தலை விண்ணு விண்ணுனு கீது அங்கிள். ஒருசந்தி இருக்கேன்ல, அதான்."

அவர்கள் தவக்கால விரதத்தை அப்படிச் சொல்வார்கள். காரணம் விரதம் அல்ல என்று எனக்குத் தெரியும். மூடிய இடத்தில் ஓடும் எஞ்சின் என்ன வாயுவை விடும், அது ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று வருடா வருடம் பாடம் எடுத்தவன் நான். நிறம் கிடையாது, மணம் கிடையாது என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போடுவேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, கேட்காதவர்களுக்குப் பாடம் நடத்துவதில்லை என்று வைத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு பாடாதேப்பா என்று மட்டும் சொன்னேன். காமாக்ஷி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மெக்கானிக் ஷரஃபுதீன் வந்து அவன் வண்டியைப் பார்த்ததும் உண்மைதான். அப்போது ஷெல்டன் வீட்டில் இல்லை. "ஷெட்டுக்குள்ள ஏசி போட்டுக்கினு உக்கார வேணாம்னு அவராண்ட சொல்லிடுங்க சார். ஆளையே தூக்கிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் சொல்லவில்லை. இப்போது ஷெல்டனை எச்சரிக்கவே இல்லை என்று அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து விசாரிக்கிறீர்களாம். ஒரு நிரபராதிமேல் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் நானாகவே வந்தேன்.

அன்றைக்கு மெழுகு பூசும் வேலை இருந்தது. காயாத மெழுகில் கரி ஒட்டினால் அத்தனை உழைப்பும் வீண். ஷெல்டன் உள்ளே போனதும் ஷட்டரை முழுக்க இறக்கினேன். காற்றில் தடதடவென்று ஆடும் என்று வெளியே தாழ்ப்பாளும் போட்டேன். உள்ளே பாட்டு கேட்டது. பிறகு கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொள்கிறான் என்று வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஹாரன் கேட்டது. முதலில் சின்னச் சின்னதாக, இடைவெளி விட்டு. அப்புறம் ஒரே நீளமாக.

காமாக்ஷி சமையலறையிலிருந்து, "யாருன்னா அது, இப்படி விடாம அடிச்சிண்டிருக்கறது?" என்று கேட்டாள்.

"தெருவுல ஸ்கூல் வேன்" என்றேன்.

ஹாரன் தானாகவே நின்றது. பிறகு நான்தான் ஷட்டரைத் திறந்தேன், ஈவ்லினைக் கூப்பிட்டேன், என் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். போகும் வழியிலேயே தெரிந்துவிட்டது. ஈவ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது பார்த்தீங்களே, அங்கிள்" என்று அழுதாள்.

தாழ்ப்பாள் போட்டது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஹாரனைக் கேட்டேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் சாகட்டும் என்று விட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். அது நியாயம் இல்லை. முதல் ஹாரனுக்கே திறப்பதற்காக எழுந்தேன். என் கார்க் கதவில் மெழுகு இன்னும் காய்ந்திருக்கவில்லை.