ரெண்டு கையும் எங்கே?

திரௌபதி: ...“கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை.” எங்க, சொல்லுங்க பாக்கலாம்.

இளவரசன்: அத சொல்ல மாட்டேன். மனசாட்சிப்படினுதான் சொல்லுவேன். அதுக்கு சட்டத்துல எடம் இருக்குது.

திரௌபதி: நாளைக்கு கூண்டுல ஏறினதுமே தகராறா? சரி, மனசாட்சிப்படியே சொல்லுங்க. பேரு?

இளவரசன்: இளவரசன். ஏன், பொண்டாட்டிக்குத் தெரியாதா?

திரௌபதி: நான் இப்ப பொண்டாட்டி இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலு. கோட்டு போட்டிருக்கேன்ல?

இளவரசன்: அது என் கழகத்து கருப்புச் சட்டைடி! கசங்கிடும், கழட்டு. நாளைக்கு அதத்தான் போட்டுக்கினு வரணும்னு நம்ம முருகையன் வக்கீலு கண்டிஷனா சொல்லியிருக்காரு.

திரௌபதி: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். தொழிலு?

இளவரசன்: பெயிண்டர். செவுத்து வெளம்பரம், கடை போர்டு.

திரௌபதி: போர்டு மேல புள்ளையார் சுழி போட மாட்டேன்னு சொல்லி பாதி கடைங்கள வுட்டவரு நீங்கதானே?

இளவரசன்: அதெல்லாம் கேக்க மாட்டாங்க.

திரௌபதி: நான் கேப்பேன். சரி, தொண்ணூத்தாறு ஐப்பசியில, ஆக்சிடென்ட் அன்னிக்கு, எங்க போனீங்க?

இளவரசன்: உனக்குத் தெரியாதா? நீ பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில கெடந்த. ரத்தம் வேணும்னாங்க. வேங்கிக்கால் போயி எங்கண்ணன ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டு, பின்னாடியே டிவிஎஸ் ஃபிப்டியில வந்துக்கினு இருந்தேன். கீழ்பென்னாத்தூர் தருமன், வேர்க்கடல மூட்டை ஏத்தற வேன்காரன்... எதுர்ல பஸ்ஸ ஓவர்டேக் பண்ணிக்கினு என் சைடுல வந்து அடிச்சிட்டான். நீ மேல வார்டு, நான் கீழ வார்டு.

திரௌபதி: தருமன் வேற மாதிரி சொல்றாரே? “அந்தாளு ரெண்டு கையையும் வுட்டுட்டு மலையப் பாத்து கும்புட்டாரு”னு?

இளவரசன்: அதக் கேட்டு ஊரே சிரிக்குது! நானு? ஊரே சாமினு கும்புடற மலைய? தீபம் ஏத்தறப்பக்கூட தலைய தூக்காத ஆளு நானு. அதுக்குத்தான் முருகையன் இந்தக் கருப்புச் சட்டைய போட்டுக்கினு வரச் சொன்னாரு. “ஜட்ஜு ஒரு தடவ உன்னப் பாத்தாலே போதும், தருமன் சொல்றது பொய்னு ஆயிடும்”னு. கழகத்துலருந்து பத்து பேரு வேற வராங்க.

திரௌபதி: ஒருவேள... கும்புட்டிருந்தா?

இளவரசன்: இருந்தா... ராங் சைடுல வந்தது அவன் தப்பு. கைய வுட்டது என் தப்பு. ஹேண்டில புடிச்சிக்கினு இருந்திருந்தா ஒதுங்கியிருக்கலாமேனு கேப்பாங்க. தப்ப பாகம் பிரிச்சி, என் பாகத்த நஷ்டஈட்டுல கழிச்சிடுவாரு ஜட்ஜு.

திரௌபதி: தப்புல கூட பாகமா! எங்கப்பன் நெலத்துலயே எனக்கு ஒரு பாகம் குடுக்கல.

இளவரசன்: சிரிக்காத. கழிச்சிட்டா இந்தக் காலுக்கு ரெண்டாவது ஆபரேஷன் இல்ல. கால் மடங்கலனா சாரத்துல ஏற முடியாது. சாரம் ஏறாத பெயிண்டருக்கு எவன் வேல குடுப்பான்?

திரௌபதி: அப்ப சொல்லுங்க. ரெண்டு கையும் எங்க இருந்துச்சி?

இளவரசன்: ஹேண்டில்ல.

திரௌபதி: என் மொகத்தப் பாத்து...

இளவரசன்: ஹேண்டில்லதான்டி.

திரௌபதி: காத ஏன் தடவறீங்க? பொய் சொல்றப்பதான் நீங்க...

இளவரசன்: கொசு!

திரௌபதி: ரெண்டு காதுலயுமா?

இளவரசன்: ...அன்னிக்குப் பொறந்த நம்ம சிந்துஜா இப்ப பால்வாடிக்கே போறா. இத்தினி வருஷமா ஒரு வார்த்த கேக்கல நீ. இன்னிக்கு ஏன் இந்த ஒரே கேள்விய புடிச்சிக்கினு தொங்கற?

திரௌபதி: கேள்வி வக்கீலுது. பதில்தான் சாட்சியோடது.

இளவரசன்: ...எடுத்துட்டேன்.

திரௌபதி: எத?

இளவரசன்: கைய.

திரௌபதி: ஒண்ணா, ரெண்டா?

இளவரசன்: ரெண்டும்தான்! ஒத்தக் கையில எவனாவது கும்புடுவானா? “தாயோ புள்ளையோ, எதுவும் இப்ப சொல்ல முடியாது”னுட்டாரு டாக்டரு. நேரா எதுர்ல மலை. கை தானா மேல போயிடுச்சி. பயமா இருந்துச்சி திரௌபதி... நீ இல்லனா நான் என்னா ஆவேன்னு...

திரௌபதி: நாளைக்கு என்னா சொல்லப் போறீங்க?

இளவரசன்: பொய்தான் சொல்லலாம்னு இருந்தேன். உன் முன்னாடியே வரல, ஜட்ஜு முன்னாடி எங்க வரும்? அந்த சட்டைய போட்டுக்கினு பொய் சொன்னா சட்டைக்குத்தான் கேவலம். கும்புட்டேன்னு சொல்லிடறேன். கழகத்துக்காரங்க திட்டினா திட்டட்டும். தருமனுக்குப் பாதி, எனக்குப் பாதி. காலு... பாத்துக்கலாம். ஏய், அழுவறியா?

திரௌபதி: அழுவல. பாகம் தப்பா பிரிக்கறீங்க. உங்களுது பாதி இல்ல, காவாசிதான்.

இளவரசன்: மீதி காவாசி யாருது?

திரௌபதி: என்னுது... அன்னிக்கு என்ன பிரசவ ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கினு போறப்ப மலைய வேண்டிக்கிட்டேன். “நான் பொழைக்கறது உன் இஷ்டம். எம்புருஷன் ஒரே ஒரு தடவ உன்னப் பாத்து கையெடுத்து கும்புடணும், அது போதும்”னு. வண்டி ஓட்டறப்ப வேணாம்னு சேத்துச் சொல்ல மறந்துட்டேங்க!